தவறுக்கு என்ன விலை

குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயருக்குள் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையிலுள்ள அந்த ஊருக்கும், மேற்கே அதை ஒட்டிய நாகல்கேணிக்கும் பம்மலுக்கும் இருபதாம் நூற்றாண்டில் தொழில் முகவரி தந்தது தோல் பதனிடுதல். அதிலும் குறிப்பாக, குரோமிய உப்பைக்கொண்டு பதனிடும் புது முறை. இந்த முறை சென்னை மாகாணத்தில் வேரூன்றியது எந்த வணிகரின் துணிச்சலாலும் அல்ல. அரசுப் பணியிலிருந்த பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் அரசுச் செலவில் சோதனைகளைத் தொடங்கினார். கவலை ஏற்றத்துக்கான தோல் சால் தண்ணீரில் ஊறிச் சீக்கிரம் அழுகிவிடும்; குரோம் தோல் அப்படி அழுகாது என்பது அவருடைய கணக்குகளில் ஒன்று. ஒரு தொட்டி கெட்டால் அதில் ஊறிய தோல்கள் அத்தனையும் வீண். ஆவாரம்பட்டையால் பதனிடுவதில் தலைமுறைகளாகக் கைதேர்ந்த ஒருவர் அந்த நட்டத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு புது முறையை முயல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் சில ஆண்டுகளின் நட்டத்தை அரசு ஏற்றது. அரசு இப்படித் தொழில் நடத்தக் கூடாது என்று 1910இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி உத்தரவிட்டபோது, முறை ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டிருந்தது. பிறகு வந்த சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனிதான் ஊருக்குப் பெயரானது. இந்தப் பழைய கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழில்நுட்பம் ஓர் ஊரில் தங்குமா, வந்த வழியே போய்விடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அதைப் பழகும்போது நேரும் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான். அதே ஊர்ப்பகுதி பிற்பாடு மின்னணுச் சில்லுகளைப் பழகிய வரலாற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே படிக்க முடியும் என்பது என் வாதம்.

இன்று பம்மலில் ஒரு கல்லூரி மாணவர் மேசைமேல் ஒரு மைக்ரோகண்ட்ரோலரைத் தனியாக ஓடவைக்க என்ன தேவை என்று பார்ப்போம். ஒரு பிரெட்போர்டு. இருபத்தெட்டுக் கால்கள் கொண்ட ஏடிமெகா 328 என்ற ஐசி. ஐந்து வோல்ட் மின்சாரம். அது ஏழாம் காலுக்கும் இருபதாம் காலுக்கும் போக வேண்டும், எட்டும் இருபத்திரண்டும் கிரவுண்டுக்கு. ரீசெட்டான முதல் காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஐந்து வோல்ட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ஒன்பது, பத்தாம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதன் இரு பக்கமும் கிரவுண்டுக்கு 22 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு. மின்சாரக் கால்களின் அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. இவ்வளவுதான். இதற்குமேல் கணினியிலிருந்து சில கம்பிகள் வழியாக நிரலை ஏற்றினால் எல்இடி மின்னும். மின்னவில்லையென்றால் நிரலைத் திருத்தி மறுபடி ஏற்றலாம். அந்தச் சில்லில் இப்படிப் பத்தாயிரம் முறை அழித்து எழுதலாம் என்று தயாரிப்பாளரே உறுதி தருகிறார். என் கவனம் இந்தக் கடைசி விவரத்தில்தான். மற்ற எல்லாமே ஏதோ ஒரு வடிவில் 1970களிலேயே உலகில் இருந்தவை. தாம்பரம் வட்டாரத்தில் கல்வி இருந்தது, தொழிற்சாலை இருந்தது, மின்னணு உதிரிகள் விற்கும் ரிச்சி தெருவுக்கு மின்ரயிலும் இருந்தது. ஆனாலும் சில்லுக்கு எழுதுவது சாதாரண மாணவரின் பழக்கமாக மாறியது, எழுதியதை அழிக்கும் செலவு ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான்.

கல்வி எவ்வளவு முன்பே வந்துவிட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சி. ராஜம் தன் 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை ஐந்து லட்சம் ரூபாய்க்கு விற்ற பணத்தை முதலாக்கி, 1949இல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, நம் வழக்கில் எம்ஐடி, தொடங்கப்பட்டது. கட்டடம், இயந்திரம், மின்சாரம் என்று மற்ற கல்லூரிகள் நின்ற இடத்தில் அது விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் என்ற நான்கு புதுத் துறைகளை எடுத்துக்கொண்டது. மின்னணுவியல் என்ற சொல்லே நாட்டில் பரவலாகாத காலம் அது. பட்டப்படிப்பு முடித்தவர்கள் மேலும் மூன்றாண்டு படிக்க வந்தார்கள். அப்துல் கலாம் விமானப் பொறியியலுக்கும், பிற்பாடு சுஜாதா என்று அறியப்பட்ட ரங்கராஜன் மின்னணுவியலுக்கும் வந்தது இப்படித்தான். ராஜம் செய்ததும் ஒருவகையில் சாட்டர்டன் செய்ததுதான்: கற்கும் காலத்துச் செலவை ஏற்க ஒருவர் முன்வந்தார். ஆனால் அந்த ஏற்பாடு மதில் சுவருக்குள் நின்றது. அன்றைய மின்னணுவியலின் உறுப்பான வால்வு, நூறு வோல்ட்டுக்கு மேல் கேட்கும் கண்ணாடிக் குழாய். தவறான இணைப்பு காசையும் தின்னும், கையையும் உதறவைக்கும். பிறகு வந்த டிரான்சிஸ்டர் மலிந்தது, பாதுகாப்பானது. ஆனால் டிரான்சிஸ்டரில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அதன் நடத்தை முழுக்கக் கம்பி இணைப்பில் இருக்கிறது. இணைப்பைக் கழற்றி மாட்டினால் தவறு திருந்திவிடும். 'எழுதிய தவறு' என்ற புது வகைத் தவறு மைக்ரோகண்ட்ரோலரோடுதான் வந்தது.

1974இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் டிஎம்எஸ் 1000 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்குள் நிரலை எழுதுவது வாங்குபவரின் வேலையாக இருக்கவில்லை. ஆலையில் சில்லைச் செய்யும்போதே அதில் நிரலும் அச்சாகிவிடும். மாஸ்க் ரோம் என்று அதற்குப் பெயர். ஒரு வரி தவறினால் அச்சுத் தகட்டை மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் சில்லுகளைக் குப்பையில் போட வேண்டும். ஆகவே அது பெரிய பொம்மை, கால்குலேட்டர் நிறுவனங்களின் பொருளாகவே இருந்தது. 1976இல் இன்டெல்லின் 8048 குடும்பமும் 1980இல் 8051 குடும்பமும் வந்தபோது 8748, 8751 என்ற அண்ணன் தம்பிகளும் கூட வந்தன. இவற்றின் முதுகில் குவார்ட்ஸ் சன்னல் இருக்கும். புற ஊதா விளக்கின்கீழ் பதினைந்து இருபது நிமிடம் வைத்தால் எழுதியது அழியும். பிறகு சன்னல்மேல் வெயில் படாமல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறுபடி எழுதலாம். அற்புதமான பொருள்தான். ஆனால் பீங்கான் உறையும் குவார்ட்ஸ் சன்னலும் சேர்ந்து அதன் விலையைச் சாதாரணச் சில்லைவிடப் பல மடங்கு ஆக்கின. தனியாக எழுதும் கருவி வேண்டும், தனியாக அழிக்கும் விளக்கும் வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சில்லைப் பெயர்த்து எடுத்து, காத்திருந்து, திரும்பச் செருக வேண்டும். ஒரு நாளில் இருபது தவறு செய்து கற்க நினைக்கும் இளைஞருக்கு அந்த நாள் போதாது.

இந்த இடைவெளியை நம் கல்லூரிகள் எப்படி நிரப்பின என்பதுதான் இந்த வரலாற்றின் நடுப்பகுதி. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டில் வண்டலூரில் கிரசெண்ட் கல்லூரி, அடுத்த ஆண்டு காட்டாங்கொளத்தூரில் எஸ்ஆர்எம், 1995இல் மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம் என்று ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் வளாகங்கள் எழுந்தன. எல்லாவற்றிலும் 'மைக்ரோபிராசசர் லேப்' கட்டாயம். அங்கே மேசைக்கு ஒன்றாக வைக்கப்பட்டது டிரெயினர் கிட். பெருங்குடி எலக்ட்ரானிக்ஸ் எஸ்டேட்டிலிருந்து வி மைக்ரோசிஸ்டம்ஸ் தயாரித்த கிட்டுகள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. அந்தக் காலத்தில் படித்தவர்களிடம் '4100' என்று சொன்னால் போதும், முகத்தில் ஒரு நினைவு ஓடும். நிரலைத் தட்டத் தொடங்கும் முகவரி அது. ஆய்வகக் கையேட்டில் 4100 என்று தொடங்கும் அட்டவணை; எதிரே ஆப்கோடு; மாணவர் பதினாறு இலக்கக் கீபேடில் 3இ, பிறகு அடுத்த முகவரி, பிறகு அடுத்த எண் என்று தட்டுவார். ஆறு சிவப்பு இலக்கங்கள் பதில் சொல்லும். இரண்டு எண்ணைக் கூட்டிய விடை 4500இல் வந்து உட்காரும். மின்சாரம் போனால் ராமில் இருந்ததும் போகும். திரும்ப முதலிலிருந்து தட்ட வேண்டும்.

இதில் ஒரு நுட்பமான இழப்பு நடந்தது. தொடக்கத்தில் பாடமாக இருந்த 8085க்கு, நிரலை வெளி ராமில் தட்டும் இந்த முறை பொருத்தம். ஏனென்றால் அது மைக்ரோபிராசசர், நினைவகம் எப்படியும் வெளியில்தான் இருக்கும். ஆனால் பாடத்திட்டம் 8051க்கு மாறிய பிறகும் கிட் அதே அமைப்பில் தொடர்ந்தது. 8051இன் அருமையே நிரல், நினைவகம், டைமர், சீரியல் போர்ட், முப்பத்திரண்டு உள்ளீட்டு வெளியீட்டுக் கால்கள் எல்லாம் ஒரே உறைக்குள் இருப்பதுதான். கிட்டிலோ நிரல் வெளி ராமில், அதே 4100இல் ஓடியது. விடையை வெளி நினைவகத்தில் எழுத டிபிடிஆர் என்ற பதிவேட்டில் 4500 என்று ஏற்றி ஒரு கட்டளை. முடிந்ததும் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தாவல். வெளி நினைவகத்தோடு பேசவே கால்களில் பாதி செலவாகிவிடும். உள்ளேயிருந்த 4 கிலோபைட் நிரல் இடத்தை மாணவர் தன் கையால் ஒருமுறைகூட எழுதாமல் தேர்வில் தேறிவிட முடிந்தது. கிரிஸ்டல் எங்கே இருக்கிறது, ரீசெட் காலில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அச்சுப் பலகையில் சோல்டர் ஆகி, கேட்கத் தேவையற்ற விஷயங்களாகிவிட்டன. ஒற்றைச் சில்லுக் கணினியைப் பல சில்லுக் கணினியாகக் கற்றுக்கொடுத்தோம் என்பது கசப்பான உண்மை.

இது அநியாயமான விமர்சனம் என்று அந்நாளைய ஆசிரியர் ஒருவர் மறுக்கலாம். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அறுபது பேர் வகுப்பு, மூன்று மணி நேர லேப், கிட்டோ கல்லூரி நிதியில் வாங்கியது. ஒருவர் தவறாக இணைத்து ஒரு சில்லை எரித்தால் அடுத்த அணிக்கு மேசை இல்லை. எரிக்க முடியாத கருவியைத்தான் அங்கே வைக்க முடியும். ஆப்கோடைக் கையால் தட்டியவர்களுக்கு ஒரு கட்டளை எத்தனை பைட், எந்தக் கொடி எப்போது ஏறும் என்பது உடம்பில் ஊறியது. இன்றைய மாணவர் பலருக்கு அது இல்லை. இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பே என் வாதத்தை உறுதிப்படுத்துகிறது. தவறின் விலை அதிகமாக இருந்தது. அந்த விலையைக் கொடுக்க எவரும் முன்வராதபோது நிறுவனம் தவறையே சாத்தியமில்லாமல் ஆக்கியது. அங்கே உருவான அறிவு உண்மையான அறிவுதான், ஆனால் மேசையை விட்டு வீட்டுக்கு வர முடியாத அறிவு. பம்மலில் வீடுள்ள மாணவர் மாலையில் திரும்பியதும் அந்தப் பயிற்சியைத் தொடர அவரிடம் ஒன்றுமே இல்லை.

மாற்றம் வந்தது மூன்று திசைகளிலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில். முதலாவது, மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய நினைவகம் மைக்ரோகண்ட்ரோலருக்குள் வந்தது. 1993இல் மைக்ரோசிப்பின் பிக் 16சி84. அதை ஒட்டி அட்மெல்லின் 89சி51, அதாவது நம் மாணவர்களுக்குப் பழகிய 8051 கட்டளைகளே, ஆனால் ஃபிளாஷ் நினைவகத்தோடு. புற ஊதா விளக்கும் சன்னலும் அருங்காட்சியகப் பொருளாயின. நார்வேயின் ட்ராண்ட்ஹைமில் இரண்டு மாணவர்கள், ஆல்ஃப் எகில் போகனும் வேகார்ட் வொல்லனும், வரைந்த வடிவமைப்பிலிருந்து, மேலே சொன்ன ஏடிமெகா 328 சேர்ந்த ஏவிஆர் குடும்பம் 1997இல் சந்தைக்கு வந்தது. இரண்டாவது, என் பார்வையில் இன்னும் பெரியது: சில்லைச் சுற்றிலிருந்து கழற்றாமலே எழுதும் முறை. 89சி51க்கு எழுத 12 வோல்ட்டும் தனிக் கருவியும் வேண்டியிருந்தது. ஏவிஆருக்கும் பின்வந்த 89எஸ்51க்கும் ரீசெட், கடிகாரம், போக, வர என்று நான்கு சிக்னல் கம்பிகள் போதும். கணினியின் பிரிண்டர் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளும் சில ரெசிஸ்டர்களும் சேர்ந்தால் அதுவே எழுதும் கருவி. மூன்றாவது வணிகத்தில். 1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்தது. 2005க்குள் செமிகண்டக்டர் உள்ளிட்ட பொருள்களின் இறக்குமதி வரி படிப்படியாக நீங்கியது.

இந்த மூன்றும் சந்தித்த இடம் ரிச்சி தெரு. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ மின்ரயில் ஏறி எழும்பூரிலோ பார்க்கிலோ இறங்கினால் சிறிது தூரம். 1931இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் பாதை தோல் வணிகர்களையும் எழுத்தர்களையும் ஏற்றிச்சென்றது போலவே ஐசி வாங்கப் போகிறவர்களையும் ஏற்றிச்சென்றது. கடையில் கேட்கும் சொற்களிலேயே அந்தக் காலத்தின் வரலாறு இருக்கிறது. 'பதினொன்று புள்ளி சைபர் ஐந்து ஒன்பது இரண்டு கிரிஸ்டல் கொடுங்கள்' என்பது அவற்றில் ஒன்று. 12 என்ற முழு எண் இருக்க, 11.0592 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? 8051 கடிகாரத்தைப் பன்னிரண்டால் வகுக்கும், சீரியல் போர்ட் அதை முப்பத்திரண்டால் வகுக்கும், டைமர் மூன்றால் வகுக்கும், 11.0592 என்றால் மிச்சமில்லாமல் 9600 என்ற சீரியல் வேகம் வரும். 12 போட்டால் 10,416 வந்து திரையில் குப்பை எழுத்து ஓடும். பலர் இதைக் குப்பை எழுத்தைப் பார்த்த பிறகுதான் கற்றார்கள். கிட்டில் இந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லை. இன்னொரு சொல் 'டம்ப்'. நிரலைச் சில்லுக்குள் ஏற்றுவதைத் தமிழ்நாட்டு மாணவர்கள் 'கோடு டம்ப் பண்றது' என்பார்கள். 'பர்ன்' என்ற பழைய சொல் திரும்பப் பெற முடியாத செயலைக் குறித்தது, எரித்தது எரித்ததுதான். 'டம்ப்' என்பதோ கொட்டுவது; கொட்டியதை அள்ளிவிட்டு வேறொன்றைக் கொட்டலாம். சொல் மாறியதற்கு இதுதான் காரணம் என்று நிறுவ முடியாது; ஆனால் இரண்டு சொல்லும் தத்தம் காலத்துக்குப் பொருந்தியிருப்பதைக் கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிரெட்போர்டின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். வால்வு ரேடியோ காலத்து அமெரிக்க ஆர்வலர்கள் ரொட்டி அறுக்கும் மரப்பலகையில் ஆணி அடித்துக் கம்பி சுற்றியதிலிருந்து வந்த பெயர் அது. துளைகளும் உள்ளே வில் போன்ற உலோகப் பிடிகளும் கொண்ட இன்றைய வெள்ளைப் பலகையை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் வடிவமைத்தார்கள். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர். ஐசியின் கால் இடைவெளியும் அதே அளவு என்பதால்தான் நடுப் பள்ளத்தின் இருபுறமும் கால் வைத்து ஐசி உட்காருகிறது. இந்த அளவுப் பொருத்தம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் சோல்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டியிருந்திருக்கும். ஆக, இணைப்பில் நேரும் தவறைப் பிரெட்போர்டு அழிக்கவைத்தது, எழுத்தில் நேரும் தவறை ஃபிளாஷ் அழிக்கவைத்தது. முதலாவது மட்டும் இருந்த காலத்தில் எல்இடி மின்னும் 555 டைமர் ஐசி சுற்றுகளும் சங்கீத அழைப்புமணிகளும் பிறந்தன. இரண்டும் சேர்ந்த பிறகே முழுச் சாதனம் ஒன்று வீட்டு மேசையில் பிறக்க முடிந்தது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு: பெரிய காரியங்கள் எதுவும் அழித்தழித்து விளையாடிப் பிறப்பதில்லை. இதற்கு எம்ஐடியின் வரலாற்றிலேயே இரண்டு சாட்சிகளைக் காட்டலாம். ஒன்று மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் குரோம்பேட்டையில் படித்த சுஜாதா. 1982இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலின்போது பறவூர் தொகுதியின் ஐம்பது வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக அத்தகைய இயந்திரம் பயன்பட்டது. 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. அதன் மையமான சில்லு ஒரே ஒருமுறை மட்டும் எழுதக்கூடியது. எழுதியபின் எவரும் திருத்த முடியாது என்பதே அதன் நம்பகத்தன்மைக்கான வாதங்களில் முதன்மையானது. இரண்டாவது அனுசாட். அண்ணா பல்கலைக்கழகம் எம்ஐடி வளாகத்தில் உருவாக்கி, 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12 சுமந்துசென்ற 40 கிலோ செயற்கைக்கோள் அது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். சுற்றுப்பாதையில் போய் ஜம்பர் வயரைப் பிடுங்கி மாட்ட முடியாது.

இந்தச் சாட்சிகளை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அழிக்க முடியாத சில்லு என்பது அழிக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகு வருவது. வாக்குப்பதிவு இயந்திரத்தின் நிரலும் ஆய்வகத்தில் திருத்தத் திருத்தத்தான் முதிர்ந்திருக்க முடியும்; செயற்கைக்கோளும் ஏவுதளத்துக்குப் போகுமுன் அதிர்விலும் வெப்பத்திலும் வெற்றிடத்திலும் சோதிக்கப்படுவது, தவறைத் தரையிலேயே செய்து தீர்ப்பதற்காக. அங்கே தவறின் விலையைப் பாரத் எலக்ட்ரானிக்ஸும் இஸ்ரோவும் பல்கலைக்கழகமும் ஏற்றன, நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு குரோம் தொட்டிகளுக்கு ஏற்றதைப் போல. யாரும் ஏற்கத் தயாரில்லாத சாதாரண வீட்டில் அதே கல்வி நடக்க வேண்டுமானால் விலையே விழுந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, 'எம்ஐடி இருந்தது, ஆகவே குரோம்பேட்டை மின்னணுவியல் அறிந்தது' என்று சொல்வது வரலாறாகாது. தொழிற்சாலைகளின் கதையும் அப்படித்தான். தாம்பரத்தில் 1984இல் ஏற்றுமதி வளாகம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் ஓடத் தொடங்கி 2014இல் மூடியது. கோடிக்கணக்கான கைபேசிகள் அந்த வரிசையில் நகர்ந்தன. வரிசையில் நின்றவருக்குத் தவறு செய்யும் உரிமை கிடையாது. அதனால் அந்தச் சாதனத்தைப் பற்றிய அறிவும் ஆலையோடு பூட்டிக்கொண்டது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. வெறும் சில்லை வைத்துத் தடுமாறுவானேன், அதுதான் ஆர்டுயினோ இருக்கிறதே என்பது அது. கொலம்பியரான எர்னாண்டோ பாராகான் 2003இல் இத்தாலியின் இவ்ரேயாவில் உருவாக்கிய வயரிங் பலகையிலிருந்து 2005இல் கிளைத்த ஆர்டுயினோ, என் வாதத்துக்குச் சிறந்த ஆதாரமாகத் தோன்றும்: யுஎஸ்பியைச் செருகு, எழுது, தவறா, மறுபடி எழுது. அது திறந்த கதவு பெரியது. ஆனால் டிரெயினர் கிட்டுக்கு நேர்ந்தது இதற்கும் மெல்ல நேர்கிறது: கிரிஸ்டலும் ரீசெட்டும் மறுபடி பலகைக்குள் மறைந்துவிடுகின்றன. அதே ஏடிமெகா 328ஐ வெறுமனே வாங்கிப் பிரெட்போர்டில் செருகுகிறவருக்கு முதல் மணி நேரத்திலேயே ஒரு பாடம் காத்திருக்கிறது. ஆலையிலிருந்து வரும்போது அது உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து ஒரு மெகாஹெர்ட்ஸில் ஓடும். 16 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்துத் தொகுத்த நிரலில் ஒரு விநாடி என்று எழுதியது பதினாறு விநாடியாக நீளும். எல்இடி செத்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அது மெல்லக் கண் திறக்கும். ஃபியூஸ் என்ற அமைப்பு பிட்டுகளை மாற்றினால் சரியாகும். கிரிஸ்டல் மாட்டாமலே வெளிக் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டால் சில்லு பேச்சை நிறுத்திவிடும், வெளியிலிருந்து ஒரு துடிப்பைக் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். சில்லுக்கு நேரம் என்பது இலவசமாக வருவதில்லை, ஒரு கிரிஸ்டல் துண்டு அதிர்வதால் வருகிறது என்பதைப் பாடப்புத்தகம் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது.

நடைமுறைக் காரணமும் உண்டு. பம்மல், அனகாபுத்தூர் பகுதி வீடுகளில் சம்ப், மாடித் தொட்டி, இடையில் மோட்டார் என்பது அன்றாடம். தொட்டி வழியாமலும் சம்ப் வறண்டபின் மோட்டார் ஓடாமலும் பார்த்துக்கொள்ளும் கருவி, பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட் பட்டியலில் நிரந்தர இடம் பிடித்திருப்பதற்கு அந்தத் தண்ணீர்க் கஷ்டமே காரணம். இதற்கு முழு ஆர்டுயினோ பலகையை வருடக்கணக்கில் மாடியில் பூட்டிவைக்கத் தேவையில்லை. பலகையில் எழுதிச் சோதித்து, வெறும் சில்லைச் சில உதிரிகளோடு சிறு பலகையில் சோல்டர் செய்து வைத்துவிட்டுப் பெரிய பலகையை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பிரெட்போர்டே தங்குமிடம் அல்ல. அதன் பிடிகள் தளரும், வேகமான சிக்னல்களை அது குலைக்கும், வீட்டு 230 வோல்ட்டை அதன் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. அது கரும்பலகை மாதிரி. எழுதி முடித்ததும் வேறிடத்தில் படி எடுக்க வேண்டும்.

விலை விழுந்ததால் எல்லாரும் கற்றுவிட்டார்களா என்றால் இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் பெருகிய காலத்தில் 'புராஜெக்ட் சென்டர்'களும் பெருகின. செய்து முடித்த சுற்றும் அச்சிட்ட அறிக்கையும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லி நான் ஒதுக்கமாட்டேன். பொருளின் விலை விழுந்தாலும் மதிப்பெண்ணில் தவறின் விலை விழவே இல்லை. இறுதி வைவாவில் ஓடாத சுற்றைக் காட்டி, 'இது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்தேன்' என்று விளக்கும் மாணவருக்கு நம் மதிப்பீட்டில் இடமில்லை. ஓடும் ஒன்றைக் காட்டினால் போதும், அதை யார் செய்திருந்தாலும். கடையில் மலிந்தது தேர்வுத்தாளில் மலியவில்லை. சந்தை அந்த இடைவெளியில் நுழைந்தது.

சில்லே நம்முடையது அல்லவே, எங்கோ செய்ததைச் செருகிப் பார்ப்பதில் என்ன பெருமை என்று கேட்பவர்களும் உண்டு. அடையாறில் சென்னை ஐஐடியின் சக்தி திட்டம், எவரும் உரிமத்தொகை இன்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஐந்து கட்டளைத் தொகுப்பின்மேல் செயலிகளை வடிவமைத்து, 2018இல் சண்டிகரை ஒட்டிய மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆலையில் 180 நானோமீட்டர் அளவில் ஒன்றைச் செய்தும் காட்டியது. அது ஆலையில் அச்சாகும் முன் எஃப்பிஜிஏ என்ற, தன் உள் இணைப்புகளையே அழித்து எழுதவிடும் சில்லில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு பிரெட்போர்டு தேவைப்பட்டது. அவர்களுடையது சிலிக்கானுக்குள் இருந்தது.

இப்போது வரும் கவலை வேறு. புதிய சில்லுகள் கால் இழந்துகொண்டிருக்கின்றன. அச்சுப் பலகையின் மேற்பரப்பில் இயந்திரம் ஒட்டவைக்கும் சிறு சதுரங்களாகத்தான் பெரும்பாலானவை வருகின்றன. வைஃபைக்காக எல்லாரும் வாங்கும் இஎஸ்பி-12 மாட்யூலின் கால் இடைவெளி 2 மில்லிமீட்டர், பிரெட்போர்டில் உட்காராது. அதன் உறவான இஎஸ்பி32 பலகை உட்காரும், ஆனால் அகலத்தால் பக்கத்துத் துளைகளை மறைத்துவிடுகிறது; பலர் இரண்டு பிரெட்போர்டுகளை ஒட்டிவைத்து நடுவில் அதைப் பாலம் போலப் போடுகிறார்கள். எழுத்தின் தவறு முன்னைவிட மலிந்திருக்கிறது, காற்றிலேயே நிரலை மாற்றலாம். இணைப்பின் தவறோ மறுபடி விலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் சோல்டர் செய்யும் கையும் உருப்பெருக்கியும் எல்லார் வீட்டிலும் இல்லை. இருபத்தெட்டுக் கால் ஏடிமெகாவை மைக்ரோசிப் இன்னும் தயாரிக்கிறது, ரிச்சி தெருவில் இன்னும் கிடைக்கிறது. அது நிற்கும் நாளில் பம்மல் மேசையில் அதன் இடத்தில் செருக எது வரும் என்பதைச் சில்லு நிறுவனங்கள் எடை போட்டு முடிவு செய்யப்போவதில்லை. கல்லூரி லேப்களும் இங்குள்ள சிறு அச்சுப் பலகைத் தயாரிப்பாளர்களும் 2.54 மில்லிமீட்டர் கால் வைத்த, கிரிஸ்டலையும் ரீசெட்டையும் மறைக்காத சிறு பலகைகளை மாணவர் கைக்காசுக்கு எட்டும்படி செய்து கொடுத்தால்தான் உண்டு.